கதவுக்கு இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய்

எங்கள் வீட்டில் ஏழு கதவுகள். அவற்றில் மூன்று இரட்டைக் கதவுகள். ஒவ்வொரு பலகையையும் மூன்று கீல்கள் தாங்குகின்றன. கணக்கில் சூட்டிகையான பிள்ளைகள் இதற்குள் முப்பது என்று சொல்லியிருப்பீர்கள். அந்த முப்பது கீல்களும் கத்துகிற வீட்டில், பகலில் ஒருவர் தூங்கியே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன குளிர்காலத்தில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

வீடு கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே வீட்டுக்கார அம்மா. தெருவே அவரை மாசிமா என்று கூப்பிடும், அம்மாவின் கூடப்பிறந்தவரைக் கூப்பிடுவதுபோல. நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை எடுத்துக் கொடுத்து, திரும்ப அடுக்கி வைக்கும் வேலை பார்க்கிறேன். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவன். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. வங்காளியும் இந்தியும் இருவருக்கும் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தமிழ் வரும். அலுவலகத்தில் காதில் விழுந்த இந்தியும் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சம் செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

தூங்கியாக வேண்டியவள் இவர்களுடைய அம்மா. கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் படிப்பை முடித்தவள். பெரியவள் பிறந்தபிறகு வேலையை விட்டு, பன்னிரண்டு வருஷம் வீட்டோடு இருந்தாள். போன டிசம்பரில்தான் ஒரு மருத்துவமனையில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். அந்த மூன்று மாதமும் இரவுப் பணி. சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் காலை ஒன்பதுக்குத்தான் வருவாள். நாம் தூங்கும் நேரத்தில் அவள் விழித்திருக்க வேண்டுமென்றால், நாம் விழித்திருக்கும் நேரத்தில் அவள் தூங்க வேண்டும்.

கதவுகள் விடவில்லை. பால்கனிக் கதவு கிறீச் என்று ஒரே வெட்டாகக் கத்தும். சமையலறைக் கதவு ஙீ என்று ஆரம்பித்து, நீங்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்வரை இழுக்கும். படுக்கையறைக் கதவு இருமும்.

நான் முன்யோசனை இல்லாதவன் அல்ல. அக்டோபரில், பூஜைக்கு வீடு சுத்தம் செய்தபோதே எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். நம் வீடுகளில் எதற்கும் எடுக்கிற எண்ணெய் எதுவோ அதைத்தான் எடுத்தேன். தேங்காய் எண்ணெய். காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். இரண்டு மாதம் கதவுகள் பூனைபோல நடந்தன.

டிசம்பர் வந்தது. சென்னையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே குளியலறை அலமாரியில் புட்டி வெள்ளையாகக் கல்லாகிவிடும். தினமும் காலையில் அதை வெந்நீரில் நிறுத்தி, உருக்கி, பெண்களுக்குத் தலை வாரியவன் நான்தான். தலைக்கு வைக்கிற எண்ணெய் உறையும் என்று தெரிந்த எனக்கு, கதவுக்கு வைத்த எண்ணெயும் உறையும் என்று தோன்றவேயில்லை. ஒருநாள் பெரியவள் கீலை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். மெழுகுபோல வந்தது.

"அப்பா, கதவுக்குச் சளி பிடிச்சிருக்கு."

கதவுகள் முன்னைவிட மோசமாகக் கத்த ஆரம்பித்திருந்தன. அதே வாரம்தான் இவர்கள் அம்மாவுக்கு இரவுப் பணி தொடங்கியது.

மாடியில் கதவு கத்தினால் கீழே மாசிமாவுக்கும் கேட்கும். படியேறும்போது என்னை நிறுத்தி வங்காளியில் ஏதோ சொன்னார். பெரியவள் மொழிபெயர்த்தாள். "கடுகெண்ணெய் வைக்கச் சொல்றாங்க. அவங்க கதவு, ஜன்னல், மூட்டுவலி எல்லாத்துக்கும் அதுதானாம்."

ஒரு கிண்ணத்தில் அவரே கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, அம்மா உள்ளே தூங்க, நானும் பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது கீல்களுக்கும் பூசினோம். சத்தமே இல்லாமல் செய்தோம் என்று எனக்கு ஒரே பெருமை. கால் மணி நேரத்தில் படுக்கையறைக் கதவு இருமிக்கொண்டு திறந்தது. தலைமுடி கலைந்து, கண் பாதி திறந்து, அவள் நின்றாள்.

"யாருங்க வீட்டுல மீன் பொரிக்கறது?"

இந்த ஊரில் மீன் பொரிப்பது கடுகெண்ணெயில்தான்; அந்த வாசம் அவளை எழுப்பிவிட்டது. கதவு சத்தமும் குறையவில்லை. மூன்றே நாளில் அந்த எண்ணெய் பிசினாகி, தூசியைப் பிடித்து, கதவோரம் பழுப்பாக வழிந்தது. உள்ளே உறைந்த தேங்காய் எண்ணெய், மேலே பிசினான கடுகெண்ணெய். கதவு இரண்டு மொழியிலும் கத்தியது.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை விட்டார்கள். இரண்டு பெண்களும் நாள் முழுக்க வீட்டில். சின்னவளுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை தாகம் எடுக்கும். அம்மா மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் அது பெரிய நாள்.

ஒரு காலை, பணி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஒரு நோயாளியின் காய்ச்சல் அளவைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் தாளில் எழுதிவிட்டாளாம். உடனே பார்த்துத் திருத்திவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இன்னிக்குக் காய்ச்சல். நாளைக்கு மருந்தா இருந்தா?"

நான் குனிந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அவள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். கோடு போட்ட தாள். வேலையை விட்டுவிடுவதாக மேட்ரனுக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கையெழுத்துகூடப் போட்டுவிட்டாள். தேதி மட்டும் போடவில்லை.

"இந்த வாரம் பார்க்கறேங்க. தூக்கம் வரலேன்னா தேதியப் போட்டுக் குடுத்துடறேன்."

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. முதல் நாள் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அவள் நின்றதை நாங்கள் மூன்று பேரும் கதவோரமாக நின்று பார்த்திருக்கிறோம். அது கதவு சத்தத்தால் போவதா என்று எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வந்து படுத்ததும், சரியான எண்ணெயை வாங்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன். எங்கள் அலுவலகத்துத் தச்சர் கீலைக் கப்ஜா என்பார். முதல் தடவை கேட்டபோது, நம் ஊரில் பொய் விடுவதைச் சொல்லும் கப்ஸாதான் ஞாபகம் வந்தது. அதனால் மறக்கவில்லை. எண்ணெய்க்குத் தேல். வார்த்தைகள் கையில் இருந்தன.

ஆனால் வழியில் கொஞ்சம் யோசித்தேன். அங்கேதான் தவறு. இந்திக்காரர்கள் வார்த்தைக்கு வால் வைக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். நாம் யோகா என்போம், அவர்கள் யோக் என்பார்கள். நாம் கர்நாடகா என்போம், அவர்கள் கர்நாடக் என்பார்கள். அப்படியானால் கப்ஜா என்பது தச்சர் எனக்காக இழுத்துச் சொன்னது. சுத்தமான இந்தியில் கப்ஜ் என்றுதான் இருக்கவேண்டும். வாலை வெட்டிவிட்டேன்.

ஹார்டுவேர் கடை ஞாயிறு விடுமுறை. பக்கத்தில் ஒரு கடை திறந்திருந்தது. கற்பூரம், தேன், திரி, நாட்டு மருந்து, பலவகை எண்ணெய்ப் புட்டிகள். கடைக்காரர் இந்திக்காரர், கம்பளி மப்ளரைக் காதோடு கட்டியிருந்தார். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று உள்ளே போனேன்.

"கப்ஜ் கே லியே தேல் ஹை?" என்றேன். கப்ஜுக்கு எண்ணெய் இருக்கிறதா என்று அர்த்தம்.

அவர் முகம் கனிந்தது. கல்லாவை விட்டு எழுந்து என் பக்கம் குனிந்தார். பிறகு பேசியதெல்லாம் இந்தியில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"ஒரு மாசமா? ரொம்ப இறுக்கமா?"

"காலையில ரொம்ப இறுக்கம். சத்தம் வேற. வீட்டுல யாரும் தூங்க முடியல."

எனக்குப் பின்னால் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"குளிர்காலத்துல அப்படித்தான் ஆகும். தண்ணி நிறையக் குடுங்க."

தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காதா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கடைக்காரரிடம் இந்தியில் விவாதம் செய்யும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை.

"உங்களுக்கு மட்டும்தானா?"

"இல்ல, மொத்தம் ஏழு."

"ஏழா?"

"ஏழு. அதுல மூணு ரெட்டை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்னப் புட்டியை எடுத்த கையால் அதை வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து பெரிய புட்டியாக எடுத்தார்.

"படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன். வெதுவெதுப்பான பால்ல. காலையில எல்லாம் திறந்துடும்."

எல்லாம் திறந்துடும் என்ற வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்தது. பால் விஷயம் புரியவில்லை. ஆனால் நம் பக்கத்தில் சுண்ணாம்பில் முட்டை கலந்து சுவர் பூசினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுபோல இங்கே கீலுக்குப் பால் விடுவார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வரும்வழியில் பாலும் வாங்கினேன்.

வீட்டில் பெண்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் பால் பாக்கெட்டையும் புட்டியையும் வைத்துவிட்டு, மெதுவான குரலில் விவரம் சொன்னேன். கதவு ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பால் போதுமா என்று பெரியவளிடம் கேட்டேன்.

அவள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது விளக்கெண்ணெய். கடையில என்னன்னு கேட்டீங்க?"

"கப்ஜுக்கு எண்ணெய்னு கேட்டேன்."

"கப்ஜ்னா?"

"கீல்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "கீலுன்னா கப்ஜா, அப்பா. கப்ஜ்னா வேற."

"வேறன்னா?"

அவளால் சொல்ல முடியவில்லை. தங்கையின் காதில் சொன்னாள். சின்னவள் எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு மாசமா ஆய் வரலையா?"

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுக்கச் சொன்னது, பின்னால் நின்றவர் தள்ளிப்போனது, மூன்று ரெட்டை, எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்க, நானே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது படுக்கையறைக் கதவு இருமியது.

சட்டென்று அமைதி. ஒரு வாரமாகக் காத்துவந்த தூக்கத்தை நாங்களே கெடுத்துவிட்டோம்.

"என்ன சத்தம்?" என்றாள். கோபமாகத்தான் இருந்தாள். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். மூன்று ரெட்டை வரும்வரை அம்மா முகம் மாறவில்லை. அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது.

"ரெண்டு ஸ்பூன்தான் சரியான அளவு. கடைக்காரர் விவரமானவர்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று இரவு அவளுக்கு வார விடுமுறை. இனித் தூக்கம் வராது என்று எழுந்து வந்து, சமையலறைக் கதவின் கீலை விரலால் தடவினாள். விரல் கறுப்பாக வந்தது. மோந்து பார்த்தாள்.

"இதுமேலயேவா எண்ணெய் போட்டீங்க?"

"ஆமா."

"புண்ணக் கழுவாம மருந்து வெப்பாங்களாங்க? அழுக்கு உள்ள இருக்க, மேல மேல பூசினா சீழ்தான் பிடிக்கும். மொதல்ல கழுவணும். அப்புறம்தான் மருந்து."

எனக்கும் தோன்றவில்லை, மாசிமாவுக்கும் தோன்றவில்லை, கீலுக்கே பெயர் தெரிந்த தச்சரிடம் கேட்கவும் தோன்றவில்லை. தினமும் பத்துப் பேருக்குக் கட்டு மாற்றுகிறவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது.

அதன்பிறகு வீடு வார்டாகிவிட்டது. மாசிமா கொஞ்சம் மண்ணெண்ணெய் கொடுத்தார். ஜன்னல்களைத் திறந்துவைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நானும் அவளும் துடைத்தோம். மண்ணெண்ணெயைப் பெரியவர்கள்தான் தொடவேண்டும். பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள், உங்களுக்கும் சொல்கிறேன். மேலே பழுப்புப் பிசின் வந்தது. பிறகு வெள்ளைத் தேங்காய் எண்ணெய். அதற்கும் கீழே, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அடித்த பெயின்ட், பச்சை, நீலம், ஒரு ரோஸ் கூட. கதவை ஆட்ட ஆட்டக் கறுப்பாக ஒழுகியது. கறுப்பு நிற்கும்வரை துடைத்துக் காயவிட்டோம்.

விளக்கெண்ணெய் கெட்டி. அப்படியே விட்டால் கீலுக்குள் இறங்காது. புட்டியை வெந்நீரில் நிறுத்தி இளக்கினேன். அந்த வேலை எனக்குத் தெரியுமே. மருந்துக் கடையில் வாங்கிய புது ஊசிக்குழாயில், ஊசியை மாட்டாமல், எண்ணெயை இழுத்து, கீலின் மேல்வாயில் இரண்டு சொட்டு விட்டாள். பெரியவள் கதவை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினாள். வழிந்ததை நான் துடைத்தேன்.

சின்னவள் தனக்கும் வேலை வேண்டும் என்று காலை உதைத்தாள். அம்மா தன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் காதில் மாட்டினாள்.

"நீதான் டாக்டர். ஒவ்வொண்ணாக் கேட்டுச் சொல்லு."

சின்னவள் கீல்மேல் வட்டத்தை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னும் முனகுது. இன்னொரு சொட்டு." பிறகு, "இது பொழைச்சுக்கும்." ஒரு கதவிடம் மட்டும், "நீங்க தண்ணி நிறையக் குடிக்கணும்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முப்பது கீல்களும் முடிய மாலையாகிவிட்டது. படுக்கையறைக் கதவு மட்டும் கடைசிவரை லேசாக இருமியது. கீலின் திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கியதும் அதுவும் நின்றது.

திங்கள் மாலை அவள் பணிக்குப் போனாள். செவ்வாய் காலை நான் அலுவலகம் கிளம்பும்போதுதான் வந்தாள். அன்று கோப்புகளை எடுப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினொரு மணிக்குப் பெரியவளிடமிருந்து செய்தி வந்தது. "தூங்கறாங்க." ஒரு மணிக்கு, "தூங்கறாங்க. தங்கச்சி நாலு தடவை தண்ணி குடிச்சாச்சு." மூன்று மணிக்கு, "இன்னும் தூங்கறாங்க. மூச்சு வருதான்னு டாக்டர் செக் பண்ணிட்டாங்க." நான் தவறான அலமாரியில் இரண்டு கோப்பு வைத்தேன். நாலரைக்கு வந்தது. "எழுந்துட்டாங்க. பசிக்குதாம். தோசை நாலு."

அடுத்து வந்த நாட்களில் எல்லா நாளும் அப்படி இல்லை. ஒருநாள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். இன்னொரு நாள் மாசிமா வீட்டுக்கு விருந்தாளிகள். ஆனால் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று தூக்கம் கூடிக்கொண்டு வந்தது. பிறகு ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டேன். மெஷின் ஆயில்தான் நல்லது, விளக்கெண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைத்துப் போடுங்கள் என்றார். அவரிடம் கப்ஜா என்று வாலோடு, இரண்டு தடவை சொன்னேன்.

விளக்கெண்ணெய்ப் புட்டி சமையலறை அலமாரியிலேயே நின்றது. பெரியவள் அதில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். மேலே வங்காளியில் கப்ஜா. கீழே தமிழில், "கதவுக்கு மட்டும். அப்பாவுக்கு இல்லை."

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், சமையலறைக் கதவு மறுபடி ஙீ என்று ஆரம்பித்தது. அவள் சீருடை போட்டு, பையை மாட்டி, பணிக்குக் கிளம்பி நின்றிருந்தாள். "ஒரு நிமிஷம்," என்று ஊசிக்குழாயை என்னிடம் கொடுத்தாள். நான் மேல் கீலில் சொட்டு விட்டேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எண்ணெய் கீலோரமாக இறங்கித் தரையை நோக்கி வந்தது. துணி பக்கத்தில் இல்லை. அவள் பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட காகிதத்தை எடுத்துக் கீலுக்கு அடியில் பிடித்தாள்.

கோடு போட்ட தாள். மடிப்பு விரிந்து, எண்ணெய் ஊறி, மேட்ரனுக்கு எழுதிய முதல் வரி கண்ணாடிபோலத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"கீழ சொட்டப் போகுது, கதவை ஆட்டுங்க," என்றாள். "எனக்கு நேரமாச்சு."